கரையில் பெயர் இல்லாத துணி

1

போன வாரம் ஒரு படிவம் நிரப்பினேன். வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை எனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கேட்கும் படிவம். "தானாக விலகினார்" என்று என் முன்னாள் முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். அது உண்மைதான். தானாக விலகியவருக்கு இங்கே ஒன்றும் இல்லை. தக்க காரணம் இருந்தால் மட்டும் யோசிப்பார்கள். காரணம் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த இளம்பெண் ஆங்கிலத்தில் சொல்கிறீர்களா, பிரெஞ்சில் சொல்கிறீர்களா என்று கேட்டாள். இரண்டிலும் என்னிடம் இருப்பது தொழிற்சாலைக்குப் போதுமான அளவு. நூல், ஊசி, திங்கட்கிழமை, சுகமில்லை, நாளைக்கு வருவேன். அந்தச் சொற்களை எப்படி அடுக்கினாலும் நடந்தது வெளியே வராது. நான் பேனையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "தனிப்பட்ட காரணம் என்று போடட்டுமா?" என்றாள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து சேரும்வரை மனம் கேட்கவில்லை. முப்பது வருடம் கத்தரி பிடித்தவன் ஏன் கத்தரியை வைத்தான் என்பது தனிப்பட்ட காரணமா என்ன? மூன்று வரியில் சொல்ல முடியாததை ஊரில் இருக்கும் உங்களுக்குத் தமிழில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் வெட்டுகிறவன். ஆண்களுக்கான விலை உயர்ந்த கோட்டுகளை அளவெடுத்துச் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசை என்னுடையதாக இருந்தது. காலையில் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியால் நடந்து வடக்கே போனால் அரை மணித்தியாலம். பழைய ஆடைத் தொழிற்சாலைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் தெரு. அதில் ஒன்றின் ஐந்தாம் மாடி.

எங்களுக்கு நல்ல துணி இங்கிலாந்திலிருந்து வரும். யோர்க்ஷயர் பக்கம் ஒரு ஆற்றங்கரையில், ஒரே குடும்பம் நான்கு தலைமுறையாக நடத்தி வரும் நெசவாலை. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. கம்பளி நூலை அவர்களே நூற்று, அவர்களே சாயம் போட்டு, அவர்களே நெய்வார்கள். கொஞ்சம் கோட்டுகளும் அவர்களே தைத்து விற்பார்கள். மிச்சத் துணி எங்களைப் போன்ற சில இடங்களுக்கு மட்டும் போகும். துணியின் இரண்டு கரையிலும் நெசவாலையின் பெயர் சின்ன எழுத்தில் நெய்யப்பட்டிருக்கும். வெட்டும்போது அந்தக் கரை கழிந்து போய்விடும், அதனால் உள்ளே தைக்க லேபிளும் அவர்களே அனுப்புவார்கள்.

அந்தத் துணியில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நெய்து முடித்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதற்கென்றே அங்கே பெண்கள் இருக்கிறார்களாம். எங்கேயாவது ஒரு இழை தவறியிருந்து, அதைச் சரிசெய்யவும் முடியாவிட்டால், அந்த இடத்துக்கு நேரே கரையில் ஒரு வெள்ளை நூலைக் கட்டிவிடுவார்கள். இங்கே எங்களிடம் பிழை இருக்கிறது, கவனமாக வெட்டு என்று அர்த்தம். அந்த நீளத்துக்குத் துணியும் கூட்டித் தருவார்கள். அவர்கள் காட்டாமல் விட்டால் பாதிப் பிழைகளை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

துணியோடு ஒரு சீட்டு வரும். அதில் வெட்டுகிறவர் ஏதாவது எழுதித் திருப்பி அனுப்பலாம். நான் எழுதுவேன். "நூல் கட்டாத இடத்தில் ஒரு பிழை கண்டேன்." "நூல் கட்டிய இடத்தில் பிழை தெரியவில்லை, துணி கூடுதலாக வந்துவிட்டது." இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஆங்கிலம் போகாது. கீழே எஸ். நாதன் என்று கையெழுத்து வைப்பேன். யாராவது வாசிக்கிறார்களா என்று நான் யோசித்ததில்லை.

3

என் மகள் அபிராமி பிறந்தது இங்கே. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் எங்கள் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்வாள். தானாக ஒரு கதை தொடங்கினால் அது பிரெஞ்சில்தான் தொடங்கும். படிப்பு முடிந்து அவள் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் தொழிற்சாலையின் விற்பனை அறைக்கு இரண்டு மொழியும் நன்றாகக் கதைக்கும் ஒருவர் தேவைப்பட்டது. முதலாளி பெர்னாரிடம் நான்தான் கேட்டேன். அதை நான் மறக்கக் கூடாது. அவளை அங்கே கொண்டுபோனவன் நான்.

அவளைப் பெர்னாருக்கு உடனே பிடித்துவிட்டது. இந்த ஊர்ப் பிரெஞ்சில் ஆண்களின் கோட்டு சூட்டுக்கு இருக்கும் சொல் வாயில் வரும்போது "அபி" என்றுதான் ஒலிக்கும். "அபி விற்கிறாள் அபி" என்று வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் ஒரு சொல் உண்டு. ஆண் என்பதற்கு அவர்கள் சொல்வது, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" போலவே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்கள் பகுதி எங்கே என்று கேட்டு வந்தவருக்கு, என் வேலை சரியா என்று கேட்கிறார் என நினைத்து "ஓம், ஓம்" என்று தலையாட்ட, அவர் என்னைப் பின்தொடர்ந்து துணி மேசைவரை வந்துவிட்டார். அபி சின்ன வயதில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள்.

இப்போது அவளுக்கு இருபத்தாறு. வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம் நகரின் இன்னொரு பகுதியான நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சிநேகிதியோடு வீடு எடுத்துப் போய்விட்டாள். ஒரே கட்டடத்தில் வேலை செய்தோம், ஆனால் அவள் விற்பனை அறையில், நான் பின்னால். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். கைபேசி தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

4

போன குளிர்காலம் தொடங்கும் முன் புதிய துணிச்சுருள்கள் வந்தன. அதே சாம்பல், அதே கடும்நீலம், அதே மெல்லிய கோடு. மேசையில் விரித்தபோது கரை இல்லை. இரண்டு பக்கமும் நேராகக் கத்தரித்து வந்திருந்தது. கையால் கசக்கி விட்டேன். நல்ல கம்பளி கையை விட்டதும் மெல்ல நிமிரும். இது கசங்கியபடி கிடந்தது.

பெர்னாரிடம் போய், இது வேறு துணி என்றேன். அவர் என் தோளில் கையை வைத்து, "அதே துணிதான், நாதன். வேறு இடத்தால் வருகிறது, அவ்வளவுதான்" என்றார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி வதனி ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தவர். தொழில் படுத்துக்கொண்டு வருவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு லேபிள்கள் வந்தன. நெசவாலையின் பெயரோடு, அசலைப் போலவே. ஆனால் நெசவாலையிலிருந்து வரவில்லை. கையால் பொத்தான் ஓட்டை தைக்கும் லூசியா என்ற போர்த்துக்கேயப் பெண் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன். அவளும் தைக்கத் தொடங்கினாள்.

நல்ல துணியும் கொஞ்சம் வந்துகொண்டிருக்க, ஐந்து மாதம் அப்படி நடந்தது. ஐந்து மாதமும் அந்தத் துணியை வெட்டியது இந்தக் கைதான்.

5

வசந்தம் வந்து தெருவோரப் பனி கரைந்து முடிந்த நேரத்தில், நெசவாலைக் குடும்பத்தின் நான்காம் தலைமுறைப் பெண் மொன்றியலுக்கு வந்தார். பெயர் ஹெலன். தகப்பன் இறந்து முழுப் பொறுப்பும் அவரிடம் வந்திருந்தது. அதற்கு முதல் நாளே பெர்னார் பொய்த்துணிகளைக் கீழ் மாடிக்கு அனுப்பிவிட்டார். நல்ல சுருள்கள் மூன்றை எடுத்து மேசையில் வைக்கச் சொன்னார்.

ஹெலனுக்கு நாற்பது வயது இருக்கலாம். சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது, எங்கள் தெருவை நடந்தே பார்த்துவிட்டு வந்திருந்தார். பெர்னார் தொலைபேசிக்காக வெளியே போன நேரத்தில் அபி ஹெலனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள். இவர்தான் வெட்டுகிறவர் என்று என்னைக் காட்டினாள். என் அப்பா என்று சொல்லவில்லை.

ஹெலன் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. "எஸ். நாதனா?" என்றார். பிறகு வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. அபி தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அவவின்ர அப்பா உங்கட சீட்டெல்லாத்தையும் ஒரு மேசை லாச்சிக்குள்ள வைச்சிருந்தவராம். துணி கூடிப்போச்சு எண்டு எழுதி அனுப்பின ஆள் உலகத்திலயே நீங்கள் ஒராள்தானாம்."

அப்போதுதான் ஹெலன் சுவரோரம் தொங்கிய ஒரு கோட்டைக் கண்டார். சாம்பல் நிறம். யாரோ கீழே கொண்டுபோக மறந்திருக்கிறார்கள். கையை எடுத்துத் துணியின் மேல் வைத்தார். தடவினார். உள்ளே திருப்பி லேபிளைப் பார்த்தார். மறுபடி துணியைத் தடவினார். என்னைப் பார்த்து மிக மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே, கேட்டார். இது எங்களுடையதா, மிஸ்டர் நாதன்?

அபி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை அவள் குழந்தையாய் இருந்தபோதுகூட நான் பார்த்ததில்லை. குரலை மாற்றாமல், ஏதோ மொழிபெயர்க்கிறவள் போல, தமிழில் சொன்னாள்.

"அப்பா, ஓம் எண்டு சொல்லுங்கோ."

"யெஸ், மேடம்" என்றேன்.

ஹெலன் கோட்டை விட்டுவிட்டார். நீங்கள் சொன்னால் சரி என்றார். எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

6

அந்த ஞாயிறு அபி வந்தாள். சாப்பாடு பாதியில் நான் கேட்டேன், உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று.

"முதலில இருந்தே தெரியும்" என்றாள். "லேபிளுக்கு ஓடர் போட்டதே நான்தான். பெர்னார் சொன்னார், நான் மெயில் அனுப்பினன்."

"ஏன் பிள்ளை எனக்கு ஒரு சொல் சொல்லேல்ல?"

"நீங்கள் சொன்னனீங்களோ? அந்தத் துணியை வெட்டினது ஆர்? நான் முன்னால இருந்து காகிதம் அனுப்பினன். நீங்கள் கையால தொட்டு வெட்டினீங்கள்."

வதனி இரண்டு பேரையும் சாப்பிடச் சொன்னாள். "வேலை இடத்தில ஆயிரம் இருக்கும். ஏன் இதைப் போட்டுக் கிளறுறீங்கள்?" என்றாள்.

நான் விடவில்லை. பெயர் என்பது விளையாட்டில்லை, ஒருத்தரின் பெயரை எடுத்து இன்னொன்றில் தைப்பது களவு என்று ஏதோ பெரிதாகச் சொன்னேன். அபி கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"நீங்கள் இந்த நாட்டுக்கு ஆரின்ர பேரில வந்தனீங்கள், அப்பா?"

வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். என்னைவிட நான்கு வயது மூத்த ஒரு மனிதரின் கடவுச்சீட்டில், அவருடைய பிறந்த திகதியைப் பாடமாக்கிக்கொண்டு, அவருடைய பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டு வந்தவன் நான். பாங்கொக்கில் ஒரு அறையில் பதினொரு பேர் அப்படிப் பழகினோம். ஒருவர் மற்றவரின் பொய்ப் பெயரைக் கூப்பிடுவோம், கூப்பிட்டவுடன் திரும்பாதவனுக்குத் தலையில் குட்டு. யாழ்ப்பாணத்தில் துணி வராமல் இருந்த காலத்தில் பழைய காற்சட்டைகளைப் பிரித்து, உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுத்த கடையிலிருந்து புறப்பட்டவன். திருப்பித் தைத்தது என்று சொல்லித்தான் கொடுப்போம். பொய் சொல்லப் பழகியது பாங்கொக்கில்தான்.

"பிளேனால இறங்கின உடனை ஒஃபிஸரிட்ட என்ர சொந்தப் பேரைச் சொன்னனான்" என்றேன். "ஒரு நாள் கூட அந்தப் பேரில இஞ்ச இருக்கேல்ல."

"அப்ப உயிருக்குப் பயந்து சொன்ன பொய்யை ஒரே நாளில முடிச்சிட்டீங்கள்" என்றாள் அபி. "இதை அஞ்சு மாசம் வைச்சிருந்திருக்கிறீங்கள். ஏன்?"

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். படியில் இறங்கும்போது யாரோடோ பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு போனது கேட்டது. அழுதுகொண்டா கதைக்கிறாள் என்று அந்த மொழியில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

7

திங்கட்கிழமை பெர்னாரிடம் போனேன். லேபிளைக் கழற்றிவிடுங்கள், துணியை அதன் பெயரிலேயே விற்போம் என்றேன். வேலையில் பழகிய பிரெஞ்சு அதற்குப் போதும். அவர் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை.

"லேபிள் ஓடரில் யார் பெயர் இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டார். "என் பெயர் இல்லை. உன் மகளின் பெயர். இது வெளியே போனால் முதலில் கேட்கப்படுவது அவள்."

அவர் அதை ஒரு மிரட்டலாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அது அவருக்கு ஒரு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நான் மேசைக்கு வந்தேன். கத்தரியைத் துடைத்து உறையில் போட்டேன். லூசியா எழுந்து வந்து எங்கே போகிறாய் என்று கேட்டாள். வீட்டுக்கு என்றேன்.

இப்படித்தான் நான் தானாக விலகினேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. மகளைக் காப்பாற்ற வாயை மூடினேன், என்னைச் சமாதானப்படுத்த வேலையை விட்டேன். யோர்க்ஷயரில் ஒரு பெண் நான் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டு இருந்தார். அது அப்படியேதான் இருந்தது.

ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். காலையில் எழும்பி உடுத்திக்கொண்டு பாலத்தடிவரை நடந்துவிட்டுத் திரும்புவேன். அபி ஞாயிறு வரவில்லை. தாயோடு தொலைபேசியில் கதைப்பாள். ஒரு நாள் காகிதம் எடுத்து ஹெலனுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கோட்டு உங்களுடையது இல்லை, நான் தெரிந்தே பொய் சொன்னேன், அதைப் போல இன்னும் பல நான் வெட்டினேன். மகளைப்பற்றி ஒரு சொல் இல்லை. எழுதி முடித்த பிறகுதான் யோசித்தேன், இதை ஆங்கிலத்தில் யார் மாற்றுவது? கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவரிடம் கேட்டால் பின்னேரத்துக்குள் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த வேறு ஆள் ஒருத்தி மட்டும்தான்.

8

கூப்பிட்டேன். வந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். தமிழ் வாசிப்பது அவளுக்குக் கஷ்டம். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்க்குள் சொல்லிச் சொல்லி வாசித்தாள். என் ஒரு பக்கக் கடிதத்துக்கு அவளுக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் என்னை அவ்வளவு நேரம் கவனித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"'தெரிந்தே' எண்டா, நோயிங்லியா?" என்று மட்டும் ஒரு இடத்தில் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

கணினியைத் திறந்து ஆங்கிலத்தில் அடித்தாள். முடித்துவிட்டு என் பக்கம் திருப்பினாள். எனக்கு முழுக்க விளங்காது. ஆனால் நான் எழுதிய "நான்" எத்தனை என்று எனக்குத் தெரியும், ஆங்கிலத்தில் அது ஒற்றைக் கோடு போன்ற எழுத்து என்பதும் தெரியும். அந்த எழுத்து எங்கேயும் இல்லை. எல்லா இடத்திலும் "வீ" என்று இருந்தது.

"நான் 'நாங்கள்' எண்டு எழுதேல்லையே, பிள்ளை."

"பிழையா எழுதியிருந்தீங்கள். நான் திருத்தியிருக்கிறன்."

"உன்ர வேலை போயிடும். வழக்கு வந்தால் என்ன செய்யிறது?"

"வரட்டும். உங்களுக்கு அந்தப் பொய்யைச் சொல்லித் தந்தது நான். அவ கேட்டது உங்களை. நீங்கள் என்ர முகத்தைத்தான் பார்த்தீங்கள்." கணினியைத் தன் பக்கம் திருப்பி, "பிறகு யோசிச்சா அனுப்ப மாட்டன், அப்பா" என்றாள். அனுப்பினாள்.

9

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெலன் பெர்னாரை அழைத்துக் கேட்டார். அடுத்த நாள் அபிக்கு வேலை போனது. நெசவாலை துணி அனுப்புவதை நிறுத்தியது. அதோடு கைவேலை ஆட்களைக் குறைத்தார்கள். லூசியாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் எங்கள் மூலைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு நின்றபோது அவளைக் கண்டேன். அவள் பிரெஞ்சில், எனக்கு விளங்கும்படி நிதானமாகச் சொன்னாள்: "நீ நல்லவனாக இருக்க ஆசைப்பட்டாய். நான் என்ன கேட்டேன்?" அவளுக்கு அறுபது வயது. இதை எழுதும்போதும் அவள் கேட்டதுதான் மனதில் நிற்கிறது.

ஹெலனின் பதில் இரண்டு பேருக்கும் பெயர் போட்டு வந்தது. மன்னித்தேன் என்று அதில் இல்லை. அந்தக் கோட்டைத் தொட்டபோதே தன் கைக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கையை நம்பாமல் என் சொல்லை நம்பியதுதான் தனக்கு வலிக்கிறது என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. அப்படி மூன்று கோட்டுகள்தான் விற்கப்பட்டன என்று பெர்னார் சொல்கிறார். வாங்கியவர்களுக்குத் தாங்கள் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு எத்தனை நினைவிருக்கிறது?

அபி நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டை விட்டுவிட்டுத் தன் பழைய அறைக்கு வந்திருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாளா என்று நான் கேட்பதில்லை. கேட்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறாள். மத்தியானம் சாப்பிட்டபின் மேசையைத் துடைத்துவிட்டு நாங்கள் இருவரும் உட்காருகிறோம்.

அவளுக்கு வாங்கினவர்களின் நினைவு இருக்கிறது, எனக்குத் துணியின் நினைவு. வெட்டின கோட்டு ஒன்றும் எனக்கு மறக்காது. தோள் ஒரு பக்கம் இறங்கின மனிதர், கை நீண்ட மனிதர், கலியாணத்துக்கு மூன்று நாளில் கேட்ட மனிதர். அவள் ஒவ்வொருவராகச் சொல்வாள், நான் கண்ணை மூடிக் கையில் அந்தத் துணியை நினைத்துப் பார்ப்பேன். நேற்று இருபத்தொன்றில் நிறுத்தினோம். இன்று மறுபடி தொடங்கினோம்.

"கர்க்லாண்டில இருந்து வந்த பல் டொக்டர்" என்றாள். "கடும்நீலம், மெல்லிய கோடு. மார்கழியில."

யோசித்தேன். மேசையில் அந்த நீலம் கசங்கியபடி கிடந்தது நினைவுக்கு வந்தது.

"அது அவையின்ர துணி இல்லை" என்றேன்.

அபி எழுதினாள். பிறகு தலை நிமிராமல், "சரி அப்பா, அடுத்தது" என்றாள்.